பிரிக்காத பொட்டணம்

பத்தாயிரத்தில் மூன்று பேர் என்று சொன்னார் டாக்டர். சிறுநீரகம் தானம் கொடுப்பவர்களில் பத்தாயிரத்துக்கு ஒரு மூன்று பேர் போய்விடுவதுண்டு, மற்றபடி பயப்பட ஒன்றுமில்லை, நீங்கள் கணக்கு வாத்தியார், உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா என்று சிரிக்கவும் செய்தார். சென்னியப்பனும் மரியாதைக்குச் சிரித்து வைத்தார். கணக்கு வாத்தியார்தான். இருபத்தெட்டு வருஷமாகப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நிகழ்தகவு நடத்தி, பகடைக்கு ஞாபகசக்தி கிடையாது, காசுக்கு நல்லவன் கெட்டவன் தெரியாது என்று தொண்டை வற்றக் கத்தியவர்தான். ஆனால் டாக்டர் சொல்லி ஒன்பது நாளாகிறது, பிழைத்துக்கொண்ட அந்த ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு பேரில் ஒருத்தர்கூட அவர் நினைப்பில் வந்து எட்டிப் பார்க்கவில்லை. வந்ததெல்லாம் அந்த மூன்று பேர்தான். ஒருவர் வழுக்கைத் தலை, வெற்றிலை போடுகிறவர். இன்னொருத்தி, பாவம், கைக்குழந்தைக்காரி. மூன்றாவது ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார், முகம் தெரியவில்லை, போட்டிருப்பது மட்டும் சென்னியப்பனின் கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை. அதே சட்டையைத்தான் இன்றைக்கும் போட்டு வந்திருக்கிறோம் என்பது பஸ் ஏறிய பிறகுதான் உறைத்தது. சட்டைக்கும் சாவுக்கும் என்ன சம்பந்தம், ஒன்றுமில்லை, பையன் யாராவது அப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையால் சுழித்திருப்பார். இருந்தாலும் வழியெல்லாம் காலரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே வந்தார்.

இப்போது பொன்னாச்சியம்மன் கோயிலுக்குப் பின்னால், வன்னி மரத்து நிழலில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். மடியில் டிபன் பாக்ஸ். அதில் ஒரு பக்கம் வெள்ளை அரளி, ஒரு பக்கம் செவ்வரளி, மேலே நறுக்கிய வாழையிலைத் துண்டு இரண்டு, கட்டுவதற்கு நார். "ஏனுங்க, வெய்யில் ஏறுது, பூ வாடிப்போயிருமுங்க, சுருக்காக் கட்டிட்டு வாங்க" என்று மனைவி சாந்தாமணி முன்மண்டபத்திலிருந்து ஒரு தடவை குரல் கொடுத்துவிட்டாள். முழங்கால் வலிக்காரி, படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வலி இல்லாவிட்டாலும் இங்கே வரமாட்டாள். பூக் கேட்கிறவன் பொட்டணம் கட்டுவதை இன்னொருத்தர் பார்க்கக் கூடாது என்பது அவர்கள் குடியில் வழக்கம். ஒரு இலையில் வெள்ளை, ஒரு இலையில் சிவப்பு, இரண்டையும் ஒன்றுபோலக் கட்ட வேண்டும். பூசை செய்கிற பண்டாரம் அதை வாங்கி ஆத்தாள் காலடியில் போட்டுப் புரட்டி, உச்சிப் பூசை முடிந்ததும் ஒன்றை எடுத்துக் கொடுப்பார். கேட்டவன் மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். வெள்ளை என்றால் செய், சிவப்பென்றால் விட்டுவிடு. மற்றப் பொட்டணத்தைப் பிரிக்காமல் கோயில் கிணற்றில் போட்டுவிட வேண்டும். பிரித்தால் ஆத்தாளைச் சந்தேகப்பட்டதாகிவிடும். கிணறு வெட்டியது, பெண் எடுத்தது, பெண் கொடுத்தது எல்லாம் அவர்கள் வீட்டில் இப்படித்தான். சென்னியப்பனுக்கு இதில் நம்பிக்கை கிடையாது. அதை முந்தாநாள் சாந்தாமணியிடம் சொல்லக்கூட வாயெடுத்தார். ஆனால் அவள், "ஆத்தா என்ன சொன்னாலுஞ் செரீங்க, நான் குறுக்க நிக்க மாட்டேன்" என்றபோது நெஞ்சுக்குள் எதுவோ இறங்கி லேசாகிவிட்டது. யாரோ ஒருவர், கொடு, இந்த முடிவை நான் தூக்கிக்கொள்கிறேன் என்கிறார். பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவன் கைச்சுமையை உட்கார்ந்திருப்பவர் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொள்வது மாதிரி. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

வேலு கேட்கவே இல்லை, அதுதான் பெரிய சங்கடம். தம்பி குழந்தைவேலு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, உங்க கிட்னி ஒண்ணைக் குடுங்கண்ணா என்று கேட்டிருந்தால், முடியாதுடா என்று சொல்ல ஒரு வாசலாவது இருந்திருக்கும். கேட்காதவனிடம் எதை மறுப்பது. பதினாலு மாசமாக வாரத்துக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு ரத்தத்தை மெஷினுக்கு அனுப்பி வாங்குகிறான். முழங்கையில் ஊசி போடும் இடம் கயிறு முறுக்கியது போலப் புடைத்திருக்கிறது. தறிக்குடோனை மச்சினனிடம் விட்டாயிற்று. அவன் பெண்டாட்டிக்குச் சர்க்கரை, மகனுக்கு ரத்தம் சேரவில்லை. எல்லாப் பரிசோதனையிலும் சேர்ந்தது அண்ணன் ஒருத்தருக்குத்தான். ரிசல்ட் வந்த அன்றைக்குக் கட்டில் பக்கத்தில் போய் நின்றபோது, "நீங்க ஒண்ணும் ரோசனை பண்ணாதீங்ணா, உங்குளுக்கு ஆவணியில புள்ளை கண்ணாலம் இருக்குது" என்று அவனே இவருக்கு ஆறுதல் சொன்னான். அப்போது வந்த கோபத்தை நினைத்தால் சென்னியப்பனுக்கு இப்போதும் வெட்கமாக இருந்தது. சாகப்போகிறவன் நல்லவனாக இருக்கக் கூடாது. காலையில் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குப் பேர் பதிகிற பொண்ணு போன் பண்ணியது. "சார், இன்னைக்கு ஒரு மணிக்குள்ள சொல்லிருங்க. கமிட்டி அனுமதிக்குப் பேர் அனுப்பணும். இதை விட்டா ரெண்டு மாசம் கழிச்சுத்தான் கூடுவாங்க." இரண்டு மாசம் என்பது என்ன என்பதை டாக்டர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். வேலுவின் இதயம் களைத்துவிட்டது, தள்ளிப்போடுவது நல்லதில்லை என்று. அதற்கு மட்டும் அவர் கணக்கு எதுவும் சொல்லவில்லை, பத்தாயிரத்தில் இத்தனை என்று ஒன்றும் கொடுக்கவில்லை, மேசைமேல் இருந்த பேனாவை மூடித் திறந்து மூடினார்.

ஒரு வெள்ளைப் பூவை எடுத்து இலையில் வைத்தார். உடனே பெரியசாமி நினைப்பில் வந்துவிட்டார். டிராயிங் மாஸ்டர் பெரியசாமி, குடலிறக்க ஆபரேஷனுக்குப் போனவர், திங்கக்கிழமை வந்துடுவேன் சார், என் பீரியடை நீங்க எடுத்துக்காதீங்க என்று சொல்லிவிட்டுப் போனவர், வரவில்லை. ஒரு ஆள். லட்சம் பேர் குடலிறக்கத்தைத் தைத்துக்கொண்டு வந்து பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு போகிறார்கள், அவர்களில் ஒருவரும் இவரிடம் வந்து எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்வதில்லை, பெரியசாமி ஒருத்தர் மட்டும் கையில் வண்ணச் சாக்பீஸோடு தினமும் வந்து நிற்கிறார். பூவைத் திரும்ப எடுத்தார். போன வாரம் ஒரு நோட்டில் நடுவே கோடு கிழித்து, கொடுக்கலாம் என்று ஒரு பக்கம், வேண்டாம் என்று ஒரு பக்கம் எழுதிப் பார்த்தார். கொடுக்கலாம் பக்கத்தில் தம்பி என்று ஒரு வார்த்தை எழுதினார், அதற்கு மேல் ஓடவில்லை. வேண்டாம் பக்கம் நிரம்பி அடுத்த பக்கத்துக்குப் போயிற்று: பிரஷர், அப்பாவுக்கு இருந்த நெஞ்சுவலி, மகள் நிவேதாவின் கல்யாணம், ரிட்டயர்மெண்டுக்கு இன்னும் நாலு வருஷம், சாந்தாமணியின் முழங்கால். முழங்காலை எழுதியபோது அவருக்கே சிரிப்பு வந்தது. கடைசிப் பக்கத்தில் விடையைப் பார்த்துவிட்டு வந்து வழிமுறை எழுதுகிற பையன்களை அவர் எத்தனை பேரைப் பிடித்திருக்கிறார், படி ஒன்று, படி இரண்டு என்று அவர்கள் எழுதுகிற சுத்தத்திலேயே தெரிந்துவிடும். இவர் பட்டியலும் அவ்வளவு சுத்தமாக இருந்தது. சரி, பயம்தான், பயமென்று ஒத்துக்கொண்டால் போயிற்று. பயப்படக் கூடாதா என்ன. கொடுத்து இவர் செத்தால் அது இவர் செய்தது, ஊரெல்லாம் வந்து பைத்தியக்காரன் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டுப் போகும். கொடுக்காமல் அவன் செத்தால் அது நடந்தது, விதி, யார் என்ன செய்ய முடியும், இவரும் மாலையோடு போய் முன்வரிசையில் நிற்கலாம். செய்வதற்கும் சும்மா இருப்பதற்கும் இவ்வளவு வித்தியாசமா. கேள்வியையே வேறு மாதிரிக் கேட்டால் என்ன என்றுகூட மனசு போயிற்று. கொடுக்கலாமா ஆத்தா என்பதற்குப் பதிலாக, கொடுக்காமல் இருந்துவிடலாமா ஆத்தா என்று கேட்பது. பூ அதேதான், இலையும் அதேதான், ஆனால் அப்படிக் கேட்க நாக்குக் கூசியது. சட்டைக் காலரை இழுத்துவிட்டார். உள்ளே மணி அடித்துப் பார்க்கிற சத்தம் கேட்டது.

கை அப்போதுதான் அதைச் செய்தது. யோசித்துச் செய்யவில்லை, அல்லது ஒன்பது நாளாக யோசித்ததெல்லாம் இதற்குத்தானோ என்னவோ. ஒரு செவ்வரளியை எடுத்து இலையில் வைத்து மடித்துக் கட்டினார். அடுத்து விரல் நுனிக்கு வெள்ளைப் பூ வந்தது. அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, டிபன் பாக்ஸிலிருந்து இன்னொரு செவ்வரளியை எடுத்து இரண்டாவது இலையில் வைத்தார். மடித்தார், நாரைச் சுற்றினார், பல்லால் கடித்து இறுக்கினார். இரண்டு பொட்டணமும் அச்சில் வார்த்தது போல இருந்தன. விரலில் அரளிப் பால் பிசுபிசுத்தது. முடிந்தது. பண்டாரம் எதை எடுத்தாலும் சிவப்பு, ஆத்தாளே இறங்கி வந்து எடுத்தாலும் சிவப்பு. உறுதியான நிகழ்ச்சி என்று பாடத்தில் வரும், நிகழ்தகவு ஒன்று. சாந்தாமணி நம்பிவிடுவாள், வேலுவும் நம்பிவிடுவான், ஆத்தா சொல்லிட்டா நாம என்ன பண்றது என்று அவன்தான் முதலில் சொல்வான். யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை. பிரிக்காத பொட்டணம் கிணற்றுக்குள் போய்விடும், அது ஆத்தாளுக்கும் இவருக்கும் மட்டும் தெரியும், ஆத்தாள் இல்லை என்பது இவருடைய கட்சி. இத்தனை சுலபமா இது என்று ஆச்சரியமாக இருந்தது. அரை நிமிஷம்கூட ஆகவில்லையே. இத்தனை தலைமுறையாக இத்தனை பேர் இந்தக் கல்லில் உட்கார்ந்து கட்டியிருக்கிறார்களே, ஒருத்தருக்குக்கூடவா தோன்றாமல் இருந்திருக்கும் என்று நினைத்தார். நினைத்துவிட்டு, எழுந்திருக்கப் போனவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அப்பா இந்தக் கல்லில்தான் உட்கார்ந்து கட்டினார். முப்பத்தேழு வருஷம் ஆகிறது. சென்னியப்பன் பிளஸ் டூ முடித்திருந்தார், வேலு பத்தாவது. ஒருத்தனைத்தான் மேலே படிக்க வைக்க முடியும், ஒருத்தன் தறிக்கு வேண்டும். வேலு கணக்கில் தொண்ணூற்றெட்டு. அண்ணனுக்கு வராத வடிவியல் கணக்கை, எச்சில் தொட்டு ஸ்லேட்டில் போட்டுக் காட்டுவான். அப்பா, ஆத்தாளைக் கேட்டுவிடலாம் என்று வேலுவைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்தார், மூத்தவனைப் படிக்க வைக்கலாமா என்று கேட்டார். வெள்ளை வந்தது. வீட்டுக்கு வந்து பூவை அம்மா கையில் கொடுத்துவிட்டு, வேலுவைப் பார்க்காமல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். மூத்தவனையா என்று ஏன் கேட்டார், சின்னவனைப் படிக்க வைக்கலாமா என்று கேட்டிருக்கலாமே. அதெல்லாம் இல்லை, மூத்தவனைக் கேட்பதுதானே முறை. அப்பா அப்படிச் செய்கிற ஆளில்லை. பக்கத்துக் காட்டு முருங்கைக்காய் வேலி தாண்டித் தொங்கினால்கூடப் பறித்துக்கொண்டு போய் அவர்களிடமே கொடுக்கிறவர். ஆனால் இவர்கூட அப்படிச் செய்கிற ஆளில்லைதான், ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள், வாத்தியார் தங்கம் என்று. கீழே கிடந்த குச்சியை எடுத்தார். வெள்ளை வந்தது என்பது தெரியும். நேர்மையாகக் கட்டியிருந்தால் வெள்ளை வரப் பாதி வாய்ப்பு, இரண்டும் வெள்ளையாகக் கட்டியிருந்தால் கட்டாயம் வரும். அப்பா எப்படிக் கட்டியிருப்பார் என்று பாதிக்குப் பாதி வைத்துக்கொண்டால், மண்ணில் போட்டுப் பார்த்தார், இரண்டையும் வெள்ளையாகக் கட்டியிருக்க மூன்றில் இரண்டு வந்தது. சே, அப்பாவைப் போய்ப் பாதிக்குப் பாதியா. பத்தில் ஒன்று என்று வை. பதினொன்றில் இரண்டு வந்தது. நூறில் ஒன்று என்று வைத்தார், நூற்றொன்றில் இரண்டு. கீழே இருந்த எண்ணை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்க முடிந்தது, மேலே இருந்த இரண்டு மட்டும் அசையவில்லை. அப்பாவுக்கு எவ்வளவு போடலாம் என்பதைக்கூட அப்பாவைப் பார்த்துப் போடவில்லை, விடை எங்கே வலிக்காமல் இருக்கிறது என்று பார்த்துத்தான் போடுகிறோம் என்பது தெரிந்ததும் குச்சியை எறிந்துவிட்டுக் காலால் மண்ணைக் கலைத்தார். சரியான விடை கிணற்றுக்கு அடியில் மட்கிப்போய் முப்பத்தேழு வருஷம் ஆகிறது. அந்த விடையின்மேல் உட்கார்ந்துதான் இவர் படித்தார், வேலைக்குப் போனார், பென்ஷன் வாங்கப் போகிறார். அவன் தறியடியில் நின்றான்.

பொட்டணத்தைப் பிரித்துவிடலாம், ஒரு வெள்ளையை எடுத்து வைத்துவிடலாம், பூ பையில்தானே இருக்கிறது. நாரின் முடிச்சில் நகத்தை வைத்தார். பல்லால் கடித்து இறுக்கிய முடிச்சு, வரவில்லை. "வாத்தியாருங், குடுங்க, பூசைக்கு நேரமாச்சு" என்று பண்டாரம் பின்வாசல் வழியாகத் தலையை நீட்டினார். நீட்டிய கையில் இரண்டும் போய் உட்கார்ந்துவிட்டன. கொடுத்தது இவர் கைதான், இன்றைக்கு எல்லாம் கையே செய்துகொள்கிறது. உள்ளே எண்ணெய்ப் புகை, வௌவால் நாற்றம், தீபத்தில் ஆத்தாளின் வெள்ளிக் கண்கள். பண்டாரம் பொட்டணங்களைக் காலடியில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு புரட்டினார். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, மறுபடி இந்தப் பக்கம். எத்தனை கவனம், எத்தனை நேர்மை, எதையெடுத்தாலும் ஒன்றான இரண்டைப் போட்டு மனுஷன் இப்படிப் புரட்டுகிறாரே என்று சென்னியப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஒன்றை இவர் வலது கையில் வைத்துவிட்டு, வழக்கப்படி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மற்றது இடது கையில். நாரைக் கடித்து அறுத்தார். இலை விரிந்தது. சிவப்பு.

சிவப்புதான் வரும் என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான், அவருக்குத்தான் பகீரென்றது. அப்படியானால் வேறு எதை எதிர்பார்த்தார். வைக்காத பூவை எதிர்பார்த்திருக்கிறார். நாரை அறுக்கிற நேரத்துக்குள், வெள்ளையாக இருந்துவிட்டால் நன்றாயிருக்குமே, இருந்துவிடு, இருந்துவிடு என்று உள்ளே ஒருத்தன் கெஞ்சியிருக்கிறான், அவனை ஒன்பது நாளாக எங்கே வைத்திருந்தோம் என்று தெரியவில்லை. பூவைக் கைக்குள் மூடிக்கொண்டார். பயம் போகவில்லை, அது அப்படியேதான் இருந்தது, வயிற்றுக்குள் ஈரத்துணி கிடப்பது போல. கோயிலைச் சுற்றிக் கிணற்றடிக்குப் போனார். பாழுங்கிணறு, உள்ளே இருட்டு, சருகு வாசம். இதற்குள் எத்தனை பொட்டணம் கிடக்கும், அவற்றில் எத்தனை இரண்டும் ஒன்றாகக் கட்டியவை என்று நினைத்தார். ஊரில் பாதிப் பேரின் தாலி, பாதிப் பேரின் கிணறு. தெரிந்தால் மட்டும் என்ன செய்ய. இடது கையில் இருந்ததை முதலில் போட்டார், பிறகு வலது கையில் இருந்த பூவையும் இலையையும். விழுந்த சத்தம் ஒன்றும் வரவில்லை.

சாந்தாமணி படியிலிருந்து எழுந்திருக்கவில்லை, முகத்தை மட்டும் தூக்கினாள். "என்னங்க வந்துச்சு?"

"வெள்ளை."

அவள் இரண்டு கையையும் நீட்டினாள். பூவைக் கேட்கிறாள் என்பது ஒரு கணம் கழித்துத்தான் புரிந்தது. சட்டைப் பைக்குள் கைவிட்டு எடுத்துக் கொடுத்தார். வெயிலிலும் வியர்வையிலும் கசங்கி, ஓரமெல்லாம் பழுத்துச் சுருண்டிருந்தது. வாழையிலைக்குள் இருந்த பூ அப்படி ஆகாது. அவள் பூவைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், பால்கறை பட்ட அவர் விரலைப் பார்த்தாள். ஏதோ கேட்கப்போகிறாள் என்று இவர் தயாராக நின்றார். அவள் பூவைக் கண்ணில் ஒற்றிக் கொண்டையில் செருகினாள். செருகும்போது கண்ணில் நீர் கட்டிவிட்டது.

"கண்ணாலத்தைத் தை மாசத்துக்குத் தள்ளி வெச்சுக்கலாமுங்க" என்றாள். "சம்பந்தி வூட்ல நான் பேசிக்கறேன். நீங்க தம்பிக்குச் சொல்லுங்க."

வேலு முதல் மணியிலேயே எடுத்துவிட்டான். பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"வெள்ளைடா வேலு."

மெஷின் மட்டும் ஓடியது.

"ஏனுங்ணா, அந்த இன்னொரு பொட்டணத்தைப் பிரிச்சுப் பாத்தீங்களா?"

"இல்லடா. கெணத்துல போட்டுட்டேன்."

"நல்லதுங்ணா. பிரிக்கக் கூடாது." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டான். "அன்னைக்கு அப்பா அதை எங்கையிலதான் குடுத்தாரு, போயி கெணத்துல போட்டுட்டு வாடான்னு. கெணத்து மேட்டுல ரொம்ப நேரம் நின்னேன். வேணும்னா பிரிச்சிருக்கலாம், ஒருத்தரும் பாக்கலை." மறுபடி மெஷின் சத்தம். "பிரிக்கலீங்ணா."

சென்னியப்பன் கிணற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "மணி பன்னெண்டே முக்காலாச்சுங்ணா, அந்தப் புள்ளைக்குப் போன் போடுங்க" என்று சொல்லி வேலு போனை வைத்துவிட்டான். அவர் காலரை ஒரு தடவை இழுத்துவிட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி நம்பரைப் போட்டார்.

"சென்னியப்பன் பேசறேம்மா" என்றார். "பேரை அனுப்பிருங்க."